தடிக்கத் தெரியாத மரம்

தென்னந்தோப்புகளில் மரமேறிகள் கால் ஊன்றுவதற்காகத் தண்டில் கொத்தி வைத்த படிகளைப் பலரும் பார்த்திருப்பார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் கொத்திய படி இன்றும் கொத்திய அளவிலேயே இருக்கும். விளிம்பு கறுத்திருக்கும், மழையில் கொஞ்சம் தேய்ந்திருக்கும்; ஆனால் மூடியிருக்காது. அதே தோப்பின் ஓரத்தில் நிற்கும் வேம்பில் ஒரு ஆணியை அறைந்தால் சில ஆண்டுகளில் ஆணியின் தலை பட்டைக்குள் புதைந்துவிடும். பூவரசில் வேலிக்கம்பியை இறுக்கிச் சுற்றினால், பூவரசு பருத்துப் பருத்துக் கம்பியையே விழுங்கிவிடும். இரண்டு வகையையும் நாம் மரம் என்றே சொல்கிறோம். ஆனால் காயத்துக்கு அவை காட்டும் பதில் முற்றிலும் வேறு. தென்னைக்கும் பனைக்கும் கமுகுக்கும் ஈந்துக்கும், தண்டை ஆண்டுதோறும் தடிக்கச் செய்யும் திசு கிடையாது. இந்த ஒரே ஒரு இல்லாமையைப் பிடித்துக்கொண்டு போனால் பனைக்குடும்பத்தின் வாழ்க்கை முழுவதும் விளங்கிவிடும் என்பது என் துணிபு. வடலி என்னும் இளம்பனை ஏன் பல ஆண்டுகள் தரையோடு தரையாக நிற்கிறது, பனங்கிழங்கு ஏன் மண்ணுக்குள் இறங்குகிறது, குருத்தை வண்டு தின்றால் தென்னை ஏன் அப்படியே செத்துப்போகிறது, பனைகள் ஏன் குளிர்நாடுகளுக்குள் நுழையவில்லை என்பனவெல்லாம் தனித்தனிப் புதிர்களாகத் தெரிகின்றன. அவற்றின் வேர் ஒன்றுதான்.

அந்தத் திசுவை முதலில் பார்த்துவிடுவோம். வேம்பின் பச்சைக் கிளையில் பட்டையை உரித்தால், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வழுவழுப்பாக ஈரமான ஒரு படலம் விரலில் தட்டுப்படும். அந்த இடத்தில்தான் கேம்பியம் இருக்கிறது. சில செல்களின் தடிமனே கொண்ட இந்த உறை, அடிமரத்திலிருந்து சிறுகிளை வரை மரத்தைச் சுற்றிப் போர்த்தியிருக்கிறது. உள்பக்கம் நீரைக் கடத்தும் சைலத்தையும், வெளிப்பக்கம் இலைகள் சமைத்த சர்க்கரையைக் கடத்தும் ஃபுளோயத்தையும் அது ஓயாமல் உண்டாக்குகிறது. உள்ளே சேர்வதுதான் மரக்கட்டை. புதிய அடுக்கு வெளியே வர வர, பழைய அடுக்குகள் நடுவில் சிக்கிச் செத்து, பிசினும் துவர்ப்புப் பொருள்களும் ஊறி இறுகுகின்றன. தச்சர்கள் வைரம் பாய்ந்த கட்டை என்று சொல்வது இந்தச் செத்த நடுப்பகுதியைத்தான். பழைய தேக்கின் எடையில் பெரும்பங்கு உயிரற்றது. உயிர் இருப்பது வெளிப்புறத்து மெல்லிய வளையத்தில். ஆணியை மூடுவதும், கம்பியை விழுங்குவதும், வெட்டிய கிளையின் புண்ணை ஆற்றுவதும் எல்லாம் கேம்பியத்தின் வேலை. மரம் தன்னைத் தானே ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ள அது வழிசெய்கிறது.

இனி அறுத்துப் போட்ட பனைத்துண்டு ஒன்றின் குறுக்கு வெட்டைக் கவனியுங்கள். வளையம் எதுவும் இல்லை. வெளிறிய சோற்றுப்பகுதியில் கறுப்புப் புள்ளிகள் தெளித்தாற்போல் இருக்கும். விளிம்பில் அவை நெருக்கியடித்துக்கொண்டு, கருங்கல்லைப்போல் இறுகிய ஒரு வளைவாகவே தெரியும். நடுவை நோக்கி வரவர இடைவெளி கூடி, மையத்தில் நகத்தால் கீறினாலே பெயரும் மென்மை. ஒவ்வொரு புள்ளியும் தண்டின் நெடுகே ஓடும் ஒரு வாஸ்குலார் கற்றை. அதில் நீர்க்குழாயும் சர்க்கரைக்குழாயும் அருகருகே இருக்க, ஒரு பக்கத்தில் கறுத்துக் கடினமான நார்க் கவசம் அவற்றைத் தாங்குகிறது. பனையை நீளவாக்கில் பிளந்து, நடுச்சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு, வெளிப்பட்டையை மட்டும் கூரைச் சட்டத்துக்கும் தண்ணீர் ஓடும் தூம்புக்கும் எடுத்துக்கொள்வார்கள். தேக்கில் செய்வதற்கு நேர் எதிரான வேலை இது: தேக்கில் வெளிமரத்தைக் கழித்து நடுவை வைத்துக்கொள்கிறோம், பனையில் நடுவைக் கழித்து வெளிமரத்தை வைத்துக்கொள்கிறோம். தொல்காப்பியத்தின் மரபியல் இந்த வேறுபாட்டையே அளவுகோலாக வைத்தது. வயிரம் புறத்தே இருப்பதைப் புல் என்றும், அகத்தே இருப்பதை மரம் என்றும் பிரித்தது. ஓலை, மடல், ஈர்க்கு, பாளை என்ற பெயர்கள் ஒரு சாராருக்கும், இலை, தளிர், அரும்பு போன்றவை மறு சாராருக்கும் உரியவையாக அங்கே வகுக்கப்பட்டிருப்பதிலிருந்தே, வகுத்தவர்கள் கையில் அரிவாளோடு பார்த்தவர்களிடம் கேட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஐரோப்பாவிலும் இதே வேறுபாடு தாவரவியலின் அடிப்படைப் பிரிவாகப் பிற்காலத்தில் வந்தது. வந்த விதத்தில் ஒரு பிழையும் சேர்ந்துகொண்டது. பாரிஸில் இருந்த தெஃபோந்தேன் 1798இல் பனைத் தண்டையும் வேம்பு போன்ற இருவித்திலைத் தாவரங்களின் தண்டையும் ஒப்பிட்டு எழுதினார். பனையில் புதிய நார்கள் மையத்தில் உண்டாகிப் பழையவற்றை வெளியே தள்ளுகின்றன, அதனால்தான் விளிம்பு இறுகியிருக்கிறது என்பது அவர் கொண்ட முடிவு. தாவரவியலரான தெ கந்தோல் அதை ஏற்று, பூக்கும் தாவரங்களை உள்வளரிகள், வெளிவளரிகள் என்று இரு கூறாக்கினார். பல பத்தாண்டுகள் பாடநூல்கள் அப்படியே சொல்லின. ஜெர்மானியரான ஹ்யூகோ ஃபான் மோல் 1831இல் அதை உடைத்தார். ஒரு கற்றை இலையிலிருந்து தண்டுக்குள் நுழைந்து, மையத்தை நோக்கி வளைந்து, கீழே போகப் போக மறுபடி விளிம்புக்கே திரும்புகிறது என்று காட்டினார். அப்படியானால் மையத்தில் இருப்பது புதியது, விளிம்பில் இருப்பது பழையது என்ற கணக்கு நிற்காது. ஒரே கற்றைதான் ஓரிடத்தில் உள்ளும் இன்னோரிடத்தில் வெளியுமாகப் போகிறது. 1965இல் ஸிம்மர்மன், டாம்லின்சன் என்ற தாவரவியலர் இருவரும் ஒரு சிறு பனைத் தண்டை மெல்லிய சீவல்களாக வரிசையாகச் சீவி, ஒவ்வொன்றையும் சினிமாச் சுருளில் ஒரு சட்டமாகப் படமெடுத்து ஓடவிட்டார்கள். திரையில் கற்றைகள் நீந்துவதுபோல் இடம் மாறுவதைப் பின்தொடர்ந்து, ஒவ்வொரு கற்றையும் இலைக்குள் ஒரு கிளையை அனுப்பிவிட்டுத் தான் மேலே தொடர்கிறது என்று உறுதிசெய்தார்கள். வயிரம் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொன்ன மரபியலை இந்தத் திருத்தம் எதுவும் தொடவில்லை. கண்டதைச் சொல்வதற்கும், கண்டதற்குக் காரணம் கற்பிப்பதற்கும் உள்ள தூரம் இங்கே தெளிவாகத் தெரிகிறது.

அதற்காக, தொல்காப்பியர் இன்றைய வகைப்பாட்டை அன்றே சொல்லிவிட்டார் என்று பெருமை பேசுவதை நான் ஏற்கமாட்டேன். பப்பாளியை எடுத்துக்கொள்வோம். அதன் தண்டின் நடு, கூடு விழுந்த வெற்றிடம். நீர்கடத்தும் கட்டைப்பகுதி கிட்டத்தட்டத் தண்ணீரில் ஊறிய பஞ்சு. அதை நிமிர்த்தி நிறுத்துவது பட்டைப்பக்கத்து நார்வலையும் செல்களின் நீரழுத்தமும். வயிரம் புறத்தே என்ற அளவுகோலின்படி பப்பாளி புல்லாகிவிடும். ஆனால் அது இருவித்திலைத் தாவரம், கேம்பியம் உள்ளது. அதன் நெருங்கிய உறவு கடுகும் முருங்கையும். பப்பாளி அமெரிக்காவிலிருந்து வந்தது, மரபியல் எழுதியவர் அதைக் கண்டிருக்க முடியாது என்று சமாதானம் சொல்லலாம். இருந்தாலும் விஷயம் வேறு: கடினம் எங்கே இருக்கிறது என்பது உறவைச் சொல்லும் அடையாளமன்று, கட்டுமானத்தைச் சொல்லும் அடையாளம். மரம் என்ற சொல்லும் அப்படித்தான். அது ஒரு குலத்தின் பெயராக இருந்திருந்தால் முருங்கைக்குக் கடுகுச்செடி பங்காளியாக இருக்காது. வெளிச்சத்துக்காக உயர்ந்து நிற்பது என்ற ஒரே தேவையைப் பல குலங்கள் தனித்தனியே நிறைவேற்றிக்கொண்டதன் பொதுப்பெயர் அது. பனையும் மூங்கிலைப்போல் புல் என்று வாதிடுவோரும் உண்டு. மூங்கில் புல்லினத்திலேயே பிறந்தது; பனை அதே பெருங்கிளையில், வாழைக்கும் இஞ்சிக்கும் புல்லுக்கும் தூரத்து உறவாகப் பிரிந்து நின்ற தனிக்குடும்பம்.

பனைக்கு ஏன் கேம்பியம் இல்லை? இல்லாமல் இருந்து பிறகு மற்றவை பெற்றன என்று நினைக்க இடமில்லை. கேம்பியத்தோடு கட்டை வளர்த்த மரங்கள் 38 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, விதை என்ற ஒன்று பரவலாகும் முன்பே, காடாக நின்றன. ஈந்துபோலத் தோன்றும் சைகஸ், பைன், செண்பகம், மிளகுக்கொடி ஆகிய எல்லாவற்றிலும் அது உண்டு. பனை அடங்கிய ஒருவித்திலைத் தாவரங்கள் எதிலும் அது காணப்படவில்லை. பூக்கும் தாவரங்களின் நடுவிலிருந்து கிளைத்த ஒரு கிளையில் மட்டும் ஒன்று காணவில்லை என்றால், அந்தக் கிளையின் மூதாதை அதைத் தொலைத்துவிட்டது என்பதே நியாயமான முடிவு. அந்த மூதாதை எப்படி இருந்திருக்கும் என்பதற்கு ஒரு தடயம் நம் வீட்டு மருந்துப் பெட்டியிலேயே இருக்கிறது. பிள்ளைக்கு உரைத்துக் கொடுக்கும் வசம்பு, மற்ற எல்லா ஒருவித்திலைகளிலிருந்தும் முதலில் பிரிந்த கிளையின் எஞ்சிய வாரிசு என்று மரபணு ஒப்பீடுகள் காட்டுகின்றன. அது சேற்றில் கிழங்குத்தண்டு பரப்பும் செடி. அடுத்துப் பிரிந்த கிளையில் சேம்பும், குளங்களின் கொட்டியும், கடலடிப் புற்களும் இருக்கின்றன. சேற்றிலோ நீரிலோ படர்ந்து வாழ்ந்த ஒரு சிறு செடிக்குத் தடித்த கட்டை எதற்கு? பயன்படாததைப் பராமரிக்கும் செலவு வீண். அந்த வழியில்தான் கேம்பியம் கைவிடப்பட்டிருக்க வேண்டும் என்று தாவரவியலர் பலர் கருதுகிறார்கள். தொலைத்தது எளிது. பல கோடி ஆண்டுகள் கழித்து அந்தச் செடியின் வழித்தோன்றல்கள் சில மீண்டும் வானத்தை நோக்கி உயர முற்பட்டபோது, முன்னோர் தொலைத்த கருவி கையில் இல்லை.

கருவி இல்லாதவன் வேலையின் வரிசையை மாற்றுவான். வேம்பு முதலில் ஒல்லியாக உயர்ந்து, பிறகு பாரம் கூடக்கூடத் தடிக்கும். பனைக்கு அந்தச் சலுகை கிடையாது. நூறடி உயரத்தில் கொண்டையும் குலையும் காற்றில் ஆடும்போது தாங்க வேண்டிய அகலத்தை, அது ஓரடி உயர்வதற்கு முன்பே கட்டி முடித்தாக வேண்டும். ஏனென்றால் மேலே போன பிறகு கீழே அகலப்படுத்த ஆளில்லை. வடலிப் பருவம் என்பது இதுதான். விசிறிபோல் ஓலைகள் விரிந்திருக்கும், தண்டே தெரியாது, ஆண்டுகள் கழியும். பார்ப்பவர்களுக்கு வளர்ச்சி நின்றுபோனதாகத் தோன்றும். மண்ணுக்குள் நடப்பது வேறு. ஒவ்வொரு கணுவும் முந்திய கணுவைவிடச் சற்று அகலமாக, தலைகீழாக வைத்த கூம்பைப்போல் தண்டு விரிந்துகொண்டே வருகிறது. குருத்தின் அடியில் இருக்கும் வளர்திசு முழு அகலத்தை எட்டிய பிறகுதான் கணுக்கள் நீண்டு, தண்டு தரைக்கு மேலே தலைகாட்டுகிறது. வேரும் இதே கட்டளைக்கு உட்பட்டது. ஆலமரத்தின் வேர் தடித்துக் கிளைவிடும். பனை வேர் தடிக்காது. விதையிலிருந்து வந்த முதல் வேர் சில காலத்தில் மடிந்துபோக, தூரிலிருந்து விரல் பருமனில் நூற்றுக்கணக்கான வேர்கள் தனித்தனியே கிளம்புகின்றன. ஒவ்வொரு வேருக்கும் தூரின் மேற்பரப்பில் ஓர் இடம் தேவை. இடம் வேண்டுமென்றால் தூர் அகலமாக இருக்க வேண்டும், அதுவும் மண்ணுக்குள் இருக்க வேண்டும்.

இங்கேதான் பனங்கிழங்கு வருகிறது. இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் தினமும் கண்ணில் படுவதாலேயே இதன் அதிசயம் நமக்கு மங்கிவிட்டது. கிழங்குக்காக மணற்பாத்தியில் பனங்கொட்டைகளை அடுக்கி மூடுகிறார்கள். சில மாதங்களில் தோண்டினால் கொட்டை மேலே இட்ட இடத்திலேயே கிடக்கிறது, கிழங்கு கீழே இறங்கியிருக்கிறது. மற்ற விதைகள் முளையை மேலே அனுப்பும். பனை விதை தன் முளையைக் கீழே அனுப்புகிறது. வித்திலையின் காம்பு ஒரு குழாயாக நீண்டு, நுனியில் கருவைச் சுமந்தபடி ஒரு முழத்துக்கு மேலும் மண்ணைத் துளைத்துப் போய், அங்கே நின்று, அங்கிருந்து குருத்தை மேலே விடுகிறது. நாம் வேகவைத்துத் தின்னும் கிழங்கு உண்மையில் வேரும் அன்று, கிழங்கும் அன்று; அந்த ஆழத்தில் மாவு சேர்த்துத் தடித்த முளையின் இலையுறை. நார் உரித்துத் தின்று நடுவில் மிஞ்சும் ஒல்லிக் குச்சிதான் வரவிருக்கும் பனையின் முதல் குருத்து. வித்திலையின் மறுமுனை கொட்டைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. முளைத்த கொட்டையை அரிவாளால் பிளந்தால் உள்ளே வெண்மையாக, பஞ்சுபோல், இளந்தித்திப்பாக இருக்குமே, தவுன் என்றும் யாழ்ப்பாணத்தில் பூரான் என்றும் சொல்வது, அது இந்த முனை உப்பியது. நுங்காக இருந்தபோது நெகிழ்ந்து கிடந்த உணவு, கொட்டை முற்றியதும் தந்தம்போல் இறுகிவிட்டது. தவுன் அதைச் சுரப்புகளால் கரைத்து உறிஞ்சிக் குழாய் வழியே கீழே அனுப்புகிறது. தெருவில் விற்கும் தேங்காய்ப்பூவும் இதே உறுப்புதான். பனையின் நெருங்கிய உறவான சேஷெல்ஸ் தீவுகளின் கடல்தேங்காய், உலகிலேயே மிகப் பெரிய விதையைக் கொண்டது. அதுவும் இதே முறையில் தன் முளையைத் தள்ளி அனுப்பி மண்ணில் புதைக்கிறது. தடிக்கத் தெரியாத தண்டுக்கு அடித்தளம் ஆழத்திலேயே தொடங்க வேண்டும். அதற்கு வேண்டிய பள்ளத்தை விதை தானே தோண்டிக்கொள்கிறது. கோடையின் வெயிலும் மேய்ச்சலும் தீயும் எட்டாத ஆழத்தில் குருத்து இருப்பது கூடுதல் லாபம்.

தென்னையின் அடி பெருத்திருக்கிறதே, பூங்காக்களில் அழகுக்கு வைக்கும் ராயல் பாம் நடுவில் உப்புகிறதே, பிறகெப்படித் தடிக்காது என்கிறீர்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அடி பெருத்திருப்பது பெரும்பாலும் தலைகீழ்க் கூம்பின் மேல்விளிம்பு வெளியே தெரிவது. சில பனைகள் பிற்காலத்தில் கொஞ்சம் உப்புவதும் உண்மை. ஆனால் அங்கே புதிய அடுக்கு எதுவும் சேரவில்லை. முன்பே இருந்த செல்கள் ஊதிப் பெருக்கின்றன, அவ்வளவே. 1980களில் பால் ரிச் என்ற ஆய்வாளர் கோஸ்டாரிகாவின் மழைக்காட்டுப் பனைகளை அறுத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. உயரம் கூடக்கூட, அடித்தண்டின் விளிம்பு நார்களில் செல்சுவர்கள் மேலும் மேலும் தடித்து, தண்டு அகலாமலேயே உறுதி பெறுகிறது. புதிதாகச் செங்கல் வைக்க முடியாத வீட்டில், இருக்கும் செங்கலையே இன்னும் சுட்டு இறுக்குவதைப் போன்றது இது. வரம்பு என்னவோ வரம்புதான். குருத்து வறட்சியில் வாடிய காலத்தில் உருவான தண்டுப்பகுதி சிறுத்து, இடுப்புபோல் ஒடுங்கி நிற்கும். பின்னால் எவ்வளவு மழை பெய்தாலும் எவ்வளவு உரம் வைத்தாலும் அந்த இடுப்பு நிரம்பாது. தென்னையைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டு போனால் பட்ட கஷ்டமும் கண்ட செழிப்பும் வரிசையாகத் தெரியும். ஓலைத்தழும்புகளை எண்ணி, ஆண்டுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று என்று வகுத்தால் அது நடந்த காலத்தையும் ஏறத்தாழச் சொல்லிவிடலாம்.

புதுப்பிக்க முடியாத உடலுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: இருக்கும் செல் சாகக்கூடாது. என் பார்வையில் பனையின் உண்மையான சாதனை இங்கேதான் இருக்கிறது. உயரம் அதற்கு அடுத்ததே. வேம்பில் சர்க்கரையைக் கடத்தும் சல்லடைக்குழாய்கள் குறுகிய காலமே உழைத்து நசுங்கிப்போகும். கேம்பியம் புதியவற்றைத் தந்துவிடும். எண்பது வயதுப் பனையின் அடித்தண்டில் இருக்கும் சல்லடைக்குழாய், அந்தப் பகுதி உருவான நாளில் பிறந்தது. அதற்கு மாற்று வரவில்லை, வரப்போவதும் இல்லை. ஆனாலும் கொண்டை சமைத்த சர்க்கரை அதன் வழியேதான் வேருக்கு இறங்குகிறது. சல்லடைக்குழாய் செல்லுக்கு உட்கரு கூடக் கிடையாது. பக்கத்துச் செல்லின் துணையோடு அது பத்தாண்டுகள் பலவாக உயிரோடு இருக்கிறது. டாம்லின்சனும் ஹக்கெட்டும் 2012இல் இதை எடுத்துக்காட்டி, தாவர உலகில் செல்களின் நீண்ட ஆயுளுக்குப் பனைத் தண்டுக்கு இணை காண்பது அரிது என்றார்கள். தேக்கின் நடு செத்த வயிரம் என்று மேலே சொன்னேன். பனையின் நடுச்சோறு, கூரைக்கு ஆகாது என்று செதுக்கி எறிகிறோமே, அது வெட்டும் வரை உயிருள்ள திசு. நீரையும் மாவையும் மரம் அதில் சேமித்து வைத்திருக்கிறது. தென்கிழக்காசியாவின் சவ்வரிசிப் பனையில் அந்த மாவையே இடித்து எடுத்து உண்கிறார்கள். பாளையைச் சீவும்போது நாளெல்லாம் சொட்டும் பதநீருக்குப் பின்னால் இருப்பதும் இந்தக் குழாய்களும் இந்தச் சேமிப்பும்தான்.

குருத்து ஒன்றே ஒன்று. இலைக்கோணங்களில் இருக்கும் மொட்டுகள் பாளையாகிப் பூக்கப் போய்விடுவதால், கிளைக்கென்று எதுவும் ஒதுக்கி வைக்கப்படவில்லை. கிளைத்தாலும் இரட்டைப் பாரத்தை அடித்தண்டு தடித்துத் தாங்காது. காண்டாமிருக வண்டு துளைத்த தென்னையில் ஓலை விரியும்போது கத்தரியால் வெட்டியதுபோல் முக்கோணத் துண்டுகள் காணாமல் போயிருக்கும். வண்டு குருத்தின் வளர்நுனியையே எட்டிவிட்டால் மரம் முடிந்தது. குருத்தழுகல் நோயிலும் இடியிலும் இதுவே நிலை. ஆப்பிரிக்காவின் டூம் பனையும், குஜராத் கடற்கரையில் வளரும் அதன் உறவும் இரண்டாகக் கவட்டையிட்டுக் கிளைக்கின்றனவே என்றால், ஆம், கிளைக்கின்றன. அங்கே வளர்நுனியே இரண்டாகப் பிளக்கிறது, ஒவ்வொரு பிளவிலும் கொண்டைகள் சிறுத்துவிடுகின்றன. கணக்கு அதேதான், செலவு மட்டும் பங்கிடப்பட்டிருக்கிறது. இதன் கடைசி எல்லை தாளிப்பனை. முப்பது ஆண்டோ அதற்கும் மேலோ மாவு சேர்த்துக்கொண்டே வந்து, ஒருநாள் அந்த ஒரே குருத்தையே பூங்கொத்தாக மாற்றிவிடுகிறது. இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே எழும் அந்தப் பூக்குலை உலகின் தாவரங்களிலேயே மிகப் பெரியது, பூக்கள் லட்சக்கணக்கில். குருத்து பூவான பிறகு மரத்துக்கு வளர இடமில்லை. காய் முற்றியதும் நின்றபடியே மடிகிறது.

வரைபடத்திலும் இந்த இல்லாமை எழுதப்பட்டிருக்கிறது. உறைபனி விழும் நாட்டில் நீர்க்குழாய்க்குள் நீர் உறைந்து உருகும்போது காற்றுக்குமிழ் சிக்கி, குழாய் அடைபட்டுப்போகும். ஓக் மரம் வசந்தத்தில் புதிய குழாய்களைச் செய்துகொள்ளும். பனை எதைக்கொண்டு செய்யும்? உறங்கிக் கிடக்கவும் அதற்குத் தெரியாது. குருத்து ஆண்டு முழுவதும் விழித்திருக்கிறது. வடக்கே மத்தியதரைக் கடலோரத்துக் குட்டைப்பனையும், தெற்கே நியூசிலாந்துப் பக்கத்துச் சாதம் தீவுகளின் நிக்காவு பனையும் இயற்கையாக வளரும் கடைசி எல்லைகள். இரண்டும் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 44 டிகிரியில் நிற்பது, இடையில் எத்தனையோ கடலும் மலையும் வேறுபட்டிருந்தும், ஒரே காரணம் இரண்டு பக்கமும் வேலை செய்வதைக் காட்டுகிறது.

இவ்வளவு குறை உள்ளது பரிணாமத்தின் தோல்வி என்று ஒருவர் முடிவு கட்டினால், அவருக்கு எதிராக நிற்கும் சான்றுகள் பல. இன்று 2,500க்கும் மேற்பட்ட பனைக்குடும்ப இனங்கள் இருக்கின்றன. கொலம்பிய மலைகளின் மெழுகுப்பனை 60 மீட்டர் வரை உயர்கிறது. தக்காண எரிமலைக் குழம்புகளுக்கு இடையே, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட படிவுகளில், கல்லாய்ச் சமைந்த பனைத் தண்டுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. மத்தியப் பிரதேசத்தின் குகுவா புதைபடிவப் பூங்காவில் அவற்றைப் பார்க்கலாம். தென்னையை ஒத்த அப்படி ஒரு தண்டைத் தொல்தாவரவியலர் பீர்பல் சாஹ்னி ஆராய்ந்து விவரித்தார். அந்தக் கல்லின் வெட்டுமுகத்திலும் சிதறிய புள்ளிகள் இருக்கின்றன. டிராகன் மரமான டிரசீனாவும் கற்றாழையின் சில இனங்களும் கேம்பியத்துக்கு மாற்றாக வேறொரு வளர்திசுவை உண்டாக்கிக்கொண்டு தடிக்கின்றனவே, பனை ஏன் செய்யவில்லை என்றும் கேட்கலாம். தேவைப்படவில்லை என்பதே என் பதில். முன்கூட்டிக் கட்டும் அடித்தளமும் சாகாத செல்லும் கிடைத்த பிறகு, மற்றொரு வழியை நோக்கித் தள்ளும் அழுத்தம் இல்லாமல் போயிருக்கும். ஆனால் அந்தத் தீர்வு எல்லாக் காற்றுக்கும் போதுமானதன்று. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது தஞ்சை, புதுக்கோட்டை, நாகை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் வேரோடு சாய்ந்தும் நடுவில் முறிந்தும் கிடந்தன. தென்னை புயலுக்கு வளைந்துகொடுக்கும் என்று காலங்காலமாகச் சொல்லிவந்த நமக்கு அது பேரிழப்பு. வளைந்துகொடுப்பது உண்மை, ஆனால் அகலாத தண்டும் தடிக்காத வேரும் காற்றோடு மல்லுக்கு நிற்கும் அளவுக்கும் ஒரு முடிவு உண்டு. அன்று சாய்ந்த தென்னைக்கு அடியிலிருந்து தளிர் விடும் வாய்ப்பும் இல்லை. வேம்பு முறிந்தால் அடிமரத்திலிருந்து துளிர்க்கும். தென்னை விவசாயி கன்றிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது.

ஏரிக்கரைகளில் பனை விதை ஊன்றும் வேலை இப்போது ஊர்தோறும் நடக்கிறது. தமிழக அரசின் 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கை 76 லட்சம் பனை விதைகளை வழங்குவதாக அறிவித்தது. ஊன்றிய இடங்களில் ஐந்தாறு ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்ப்பவர்கள், முழங்கால் உயரத்துக்கு நாலைந்து ஓலைகள் மட்டும் நிற்பதைக் கண்டு மனம் சோர்வதுண்டு. பக்கத்தில் அதே ஆண்டு வைத்த புங்கன் நிழலே கொடுத்துக்கொண்டிருக்கும். நாற்றங்காலில் பையில் வளர்த்துப் பிடுங்கி நட்டால் வேகமாக வருமே என்று சிலர் முயல்வார்கள். பை எவ்வளவு நீளமாக இருந்தாலும் இறங்கும் முளை அடியை முட்டி மடங்கும், பிடுங்கும்போது முறியும்; அதனால்தான் பனையைக் கொட்டையாகவே ஊன்றுவது வழக்கம். அந்த நாலைந்து ஓலைகளைக் கையால் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தால் அடி சிறிதும் ஆடாது. கீழே ஒரு முழ ஆழத்தில், வருங்காலத் தண்டின் அகலம் கணுக்கணுவாகக் கூடிக்கொண்டிருக்கிறது. மேய்ந்த ஆடு ஓலையைத் தின்றுவிட்டுப் போனாலும், அடுத்த ஓலை அதே இடத்திலிருந்து, முந்தியதைவிடக் கொஞ்சம் அகலமாக வரும்.